லைப்சிக் நகரிலே தமிழன் பெற்ற ஒரு புள்ளி

நால்வகைப் படைகளையும் ஒரு பலகைக்குள் அடக்கி, இரத்தம் சிந்தாத போரொன்றை உலகுக்கு அளித்தது பாரத நாடு. யானையும் குதிரையும் தேரும் காலாளும் கொண்ட அவ்வாட்டம் பாரசீகம் சென்று, அரபு நாடுகளைக் கடந்து, ஐரோப்பாவை அடைந்து, அங்கே புதிய விதிகளை ஏற்று மீண்டும் நம்மிடம் வந்தது. சோழ நாட்டுத் திருப்பூவனூரிலே எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். சதுரங்கத்தில் வல்ல அரசகுமாரியொருத்தியை அவ்வாட்டத்திலேயே வென்று பெருமான் மணந்தார் என்று தலபுராணம் கூறும். ஆகவே சதுரங்கம் நமக்கு அந்நியமான ஆட்டம் எனல் பொருந்தாது.

எனினும் இக்கட்டுரையில் நாம் காணப்போவது புராண காலத்து ஆட்டமன்று. 1960ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் நகரிலே நாடுகளுக்கிடையே நிகழ்ந்த சதுரங்க ஒலிம்பியாட் போட்டியையும், அங்கே 24 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் முன்னாள் உலகச் சாம்பியனை வென்று பெற்ற ஒரு புள்ளியையும் பற்றியதே இது. அந்த ஒரு புள்ளியிலே மலைநாட்டு இளைஞராகிய நாம் ஊன்றிச் சிந்திக்கவேண்டிய பொருளொன்று உண்டு.

சதுரங்கம் இருவர் ஆடும் ஆட்டம். அஃது எவ்வாறு நாடுகளின் ஆட்டமாயிற்று? 1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே உலகச் சதுரங்கச் சம்மேளனம் தோன்றியது. 'நாம் அனைவரும் ஓரினம்' என்பது இலத்தீன் மொழியில் அமைந்த அதன் இலட்சிய வாக்கியம். அச்சம்மேளனம் 1927இல் இலண்டனில் முதலாவது ஒலிம்பியாட்டை நடத்தியது. 16 நாடுகள் பங்குபற்றிய அப்போட்டியிலே ஹங்கேரி முதலிடம் பெற்றது.

போட்டியின் அமைப்பு எளிது. ஒரு நாட்டின் சார்பில் நால்வர், எதிர் நாட்டின் நால்வரோடு, நான்கு பலகைகளில் ஏககாலத்தில் ஆடுவர். வெற்றிக்கு ஒரு புள்ளி. சமநிலைக்கு அரைப் புள்ளி. லைப்சிக் போட்டி நடந்த காலத்திலே அணிகளின் வரிசை இப்புள்ளிகளின் கூட்டுத்தொகையைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. முதற் பலகையிலே மாவீரன் பெறும் புள்ளிக்கும் நான்காம் பலகையிலே பெயர் அறியாத ஒருவன் பெறும் புள்ளிக்கும் மதிப்பு ஒன்றே. இவ்விதியை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

இதனோடு இன்னொரு விதியும் உண்டு. எத்துணை வல்லவனாயினும் தனி மனிதனாக இப்போட்டியிற் புக முடியாது. ஒரு நாடு அவன் பெயரைத் தன் பட்டியலில் எழுதவேண்டும். அவன் அமரும் மேசையிலே ஒரு கொடி இருக்கவேண்டும்.

பஞ்சாபிற் பிறந்த சுல்தான் கானுடைய வரலாறு இதற்குச் சான்று. நிலப்பிரபு ஒருவரின் ஆதரவில் இலண்டன் சென்ற இவர், 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலே பிரித்தானியச் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1930, 1931, 1933ஆம் ஆண்டு ஒலிம்பியாட்டுகளில் முதற் பலகையில் அமர்ந்தார். ஆனால் அமர்ந்தது இங்கிலாந்தின் அணியில். தன் நாட்டிற்கெனத் தனிக் கொடி இல்லாத காலத்திலே, தன்னை ஆண்ட நாட்டின் கொடியே அவருக்கு முன்னால் இருந்தது.

1939இல் புவெனஸ் அயர்ஸ் நகரிலே நிகழ்ந்ததோ இதனினும் துயரமானது. ஒலிம்பியாட் நடந்துகொண்டிருக்கையிலேயே ஐரோப்பாவில் இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டது. போலந்து அணியிலே ஆடவந்த யூதராகிய மிகுவேல் நைடோர்ப் ஊர் திரும்பவில்லை. அங்கே அவர் விட்டுவந்த குடும்பத்தினர் நாசிகளின் கையில் மாண்டனர். ஆர்ஜென்டீனா அவருக்குக் குடியுரிமை அளித்தது. யுத்தத்தின்பின் 1950இல் டுப்ரோவ்னிக் நகரிலே ஒலிம்பியாட் மீண்டும் கூடியபோது, நைடோர்ப் ஆர்ஜென்டீனாவின் முதற் பலகையில் அமர்ந்திருந்தார். ஒரு நாட்டை இழந்தவனை இன்னொரு நாடு தன்னவன் என்று ஏற்றுக்கொண்டது. அதனால் உலகமும் ஒரு பேராட்டக்காரனை இழக்காது தப்பியது.

சுதந்திர இந்தியா 1956இல் மொஸ்கோ நகரிலே முதன்முறையாக ஒலிம்பியாட்டில் இறங்கியது. நான்கு ஆண்டுகளின் பின் வந்ததே லைப்சிக் போட்டி.

1960ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி தொடங்கி நவம்பர் 9ஆம் திகதி வரை அப்போட்டி நடைபெற்றது. அதுவரை காணாத அளவிலே 40 நாடுகள் திரண்டன. பிளவுண்ட ஜேர்மனியின் இரு பகுதிகளும் இரு வேறு அணிகளாக வந்தன. சோவியத் அணியின் வலிமையை என்னென்பது! அவ்வாண்டிலேயே பொட்வின்னிக்கை வென்று 23 வயதிலே உலகச் சாம்பியனான மிகயீல் தால் முதற் பலகையில். அவரிடம் தோற்ற பொட்வின்னிக் இரண்டாம் பலகையில். கெரெஸ், கொர்ச்னோய், சிமிஸ்லொவ், பெற்றோசியன் ஆகியோர் அவர்களின் பின்னே. அமெரிக்காவின் முதற் பலகையிலே 17 வயதுச் சிறுவன் பொபி பிஷர். தாலும் பிஷரும் மோதிய ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

முடிவு எதிர்பார்த்ததே. சோவியத் நாடு முதலிடமும் அமெரிக்கா இரண்டாமிடமும் யுகோசிலாவியா மூன்றாமிடமும் எய்தின. 1952 முதல் 1974 வரை நடந்த 12 ஒலிம்பியாட்டுகளையும் சோவியத் அணியே வென்றதெனில், அதன் ஆதிக்கத்தை வேறு விளக்கவும் வேண்டுமோ? எனினும் லைப்சிக் நகரிலே அவ்வணி ஒரேயோர் ஆட்டத்தை இழந்தது. இழந்தவர் உலகச் சாம்பியனாகிய தாலே. அவரை வென்றவர் இங்கிலாந்தின் ஜொனதன் பென்றோஸ். சதுரங்கத்தையே தொழிலாகக் கொள்ளாது, உளவியல் விரிவுரையாளராகப் பணியாற்றியவர் அவர்.

நிற்க. இந்திய அணியின் முதற் பலகையில் அமர்ந்தவர் மானுவேல் ஆரோன் என்னும் தமிழர். பர்மாவிலே தௌங்கூ என்னும் ஊரிற் பிறந்து, தமிழகத்திலே வளர்ந்து கல்வி பயின்று, பின் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1959இல் இந்தியாவின் தேசியச் சாம்பியனானவர். அவருக்கெதிரே ஹொலண்டு நாட்டின் சார்பில் வந்து அமர்ந்தவர் கலாநிதி மாக்ஸ் யூவே. கணித ஆசிரியராகிய யூவே, 1935ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே மாபெரும் வீரர் அலெகினை வென்று உலகச் சாம்பியன் பட்டம் சூடியவர். அதே டிசம்பர் மாதம் 30ஆம் திகதி பிறந்தவரே நம் ஆரோன்! தான் பிறந்த வேளையில் உலகின் சிகரத்தில் நின்ற ஒருவரோடு, 25 ஆண்டுகளின் பின் ஒரே பலகையில் அமரும் பேறு அவருக்கு வாய்த்தது. அவ்வாட்டத்திலே ஆரோன் வென்றார்.

மிஷன் பாடசாலையிற் பயின்ற எனக்கு இதைப் படித்தபோது தாவீதும் கோலியாத்தும் நினைவுக்கு வந்தனர். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. இங்கே வீழ்ந்தவர் எவருமிலர். தோற்றவர் கைகுலுக்கி எழுவதே சதுரங்கத்தின் மரபு. அந்தக் கைகுலுக்கலில் அரை நூற்றாண்டு அனுபவமும் இளமையின் துணிவும் சமமாகின்றன.

இவ்வெற்றியின் அருமையை உணரவேண்டுமாயின் அக்கால இந்தியச் சதுரங்கத்தின் நிலையை அறிதல் வேண்டும். பல இடங்களிலே இன்னும் பழைய நாட்டு விதிகளே வழங்கின. காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அரசன் ஒருமுறை குதிரைபோலப் பாயலாம். ஐரோப்பியர் அச்சிட்ட நூல்களைக் கொண்டு தொடக்க நகர்வுகளை ஆராயும் வழக்கம் இங்கே பரவவில்லை. சோவியத் நாட்டிலோ அரசே பயிற்சி அளித்தது. இந்நிலையிலிருந்து சென்ற ஒருவர் லைப்சிக்கில் 20 ஆட்டங்கள் ஆடி, 10 வென்று, 2 சமன்செய்து, 8 தோற்றார். அணி பதக்கத்தை நெருங்கவில்லை. ஆனால் முதற் பலகையிலே தோல்விகளினும் வெற்றிகளே மிகுந்திருந்தன.

1961இல் ஆரோன் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் ஆனார். 1962இல் ஸ்டொக்ஹோம் நகரிலே உலகப் பட்டத்திற்கான தகுதிப் போட்டியில் 23 பேருள் கடைசி இடமே அவருக்குக் கிடைத்தது. ஆயினும் அங்கேயே போர்ட்டிஷ், ஊல்மான் என்ற இரு பெருவீரர்களை அவர் வென்றார். கடைசி இடத்தில் நின்றவனும் வெற்றியோடு திரும்பலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவர் செய்த பெரும்பணி அதன்பின் வந்தது. இளைஞரைத் திரட்டினார், சர்வதேச விதிகளைப் பரப்பினார், நூல்களைக் கற்கத் தூண்டினார். 1972இல் சென்னைச் சோவியத் கலாசார நிலையத்திலே தாலின் பெயரால் ஒரு சதுரங்கக் கழகத்தை நிறுவினார். அக்கழகத்திற்கு வந்து ஆடிய சிறுவர்களுள் ஒருவரே விசுவநாதன் ஆனந்த். அவர் 1988இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட் மாஸ்டராகி, 2000இல் உலகச் சாம்பியனுமானார். 2022இல் 44ஆவது ஒலிம்பியாட் மாமல்லபுரத்திற்கே வந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் அங்கே கூடின. 2024இல் புடாபெஸ்ட் நகரிலே இந்தியா பொது, மகளிர் என்ற இரு பிரிவு விருதுகளையும் ஒருங்கே வென்றது. வென்ற அணிகளிலே குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகிய சென்னை இளைஞர் இருந்தனர். லைப்சிக்கில் விழுந்த ஒரு விதை இவ்வாறு தோப்பாயிற்று.

இனி நம் கதைக்கு வருவோம்.

என் பாட்டனாரும் 1935ஆம் ஆண்டிற் பிறந்தவரே. பிறந்த இடம் உடப்புசல்லாவையை அடுத்த ஒரு தோட்டத்து லயம். ஆரோன் லைப்சிக்கில் அமர்ந்திருந்த அந்த ஒக்டோபர் மாதத்திலே, பாட்டனார் கவ்வாத்துக் கத்தியோடு மழையில் நனைந்து மலையில் நின்றிருப்பார். அவரும் ஆட்டத்தில் வல்லவர். லயத்து வாசற்கல்லிலே கோடு கீறி, அவரும் அவர் தம்பியும் ஆடுபுலி ஆடுவார்களாம். 15 ஆடுகளைக் கொண்டு 3 புலிகளையும் அவர் கட்டிவிடுவார் என்று தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

பாட்டனாரும் ஆரோன் ஆகியிருப்பார் என்று சொல்ல நான் துணியேன். ஆகியிருப்பாரோ மாட்டாரோ என்று அறியும் வாய்ப்பே இருக்கவில்லை என்பதே என் துயரம். சதுரங்கப் பலகை இல்லாமை ஒருபுறமிருக்க, அவர் பெயரை எழுத ஒரு நாடே இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவரைப் போன்ற இலட்சக்கணக்கானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் பத்தாண்டுகள் காத்திருந்து, 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். காய்களைப் பங்கிடுவது போல மனிதரைப் பங்கிட்டனர். அப்பங்கீட்டிலே பாட்டனாரின் தம்பி தலைமன்னாரிற் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, நீலகிரியிலே குடியேறினார். அண்ணனும் தம்பியும் பின்னர் ஒருவரையொருவர் காணவேயில்லை. வாசற்கல்லில் அக்கோடுகள் தேய்ந்தும் தேயாமலும் இன்றும் உள்ளன.

நைடோர்ப்புக்கு ஒரு நாடு கதவு திறந்தது. பர்மாவிற் பிறந்த ஆரோனின் மேசையிலே இந்தியக் கொடி இருந்தது. இலங்கையிலேயே பிறந்து, இலங்கைத் தேயிலைக்கே உழைத்த நம்மவருக்குக் கொடியும் இல்லை, மேசையும் இல்லை. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. அவ்வாண்டையொட்டிப் பிறந்த தலைமுறை நாம். பாட்டன்மார் ஓர் ஆயுள் முழுவதும் காத்திருந்த ஆசனம் நமக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. அதில் அமர்ந்து என்ன செய்யப்போகிறோம்?

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்து இக்கட்டுரையை முடிக்கின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறி வகுப்பு முடிந்தபின் மண்டபம் பூட்டிக் கிடக்கின்றது. அங்கே நான்கு சதுரங்கப் பலகைகளை வைப்போம். சிறுவருக்கும் சிறுமியருக்கும் ஒருங்கே கற்பிப்போம். தோட்டத்துக்கு நால்வராக அணி வகுத்து, ஆண்டுக்கொருமுறை தோட்டங்களுக்கிடையே போட்டி நடத்துவோம். வெற்றியை லைப்சிக் முறைப்படியே கணக்கிடுவோம்: நான்காம் பலகையிலே கொழுந்தெடுக்கும் தாயின் மகள் பெறும் புள்ளியும் முதற் பலகையின் புள்ளியும் ஒன்றே. முதலாவது போட்டியின் பட்டியலிலே ஒவ்வொரு பிள்ளையின் முழுப்பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதுவோம். அந்தப் பணியை நானே மனமுவந்து ஏற்கின்றேன்.