கச்சத்தீவின் சாயவேர்

சின்ன வயதில் எனக்கு இருமல் விடாமல் இருந்தால் அப்பத்தா இம்பூறல் கஷாயம் வைத்துத் தருவார். கடற்கரை மணலில் தரையோடு படரும் சின்னச் செடி அது. அதன் வேர்தான் சாயவேர் என்பதும், அந்த வேருக்காக ஆளில்லாத ஒரு தீவையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்தார்கள் என்பதும் ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தீவு கச்சத்தீவு.

மொத்தம் 285 ஏக்கர். மணலும் முட்புதரும்தான். குடிநீர் இல்லை, அதனால் குடியிருப்பும் இல்லை. விவசாயத்துக்கு ஆகாத அந்த மண்ணிலிருந்தும் இராமநாதபுரம் ஜமீனுக்கு வருமானம் வந்தது. 1880-ல் முகமது அப்துல் காதிர் மரைக்காயரும் முத்துச்சாமிப் பிள்ளையும் சாயவேர் சேகரிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கடலோரக் கிராமங்கள் பலவற்றோடு கச்சத்தீவும் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது.

சாயவேர் நூல் போல மெல்லியது. மணலுக்குள் நீளமாக இறங்கும். அறுந்துபோகாமல் தோண்டி எடுத்துக் காயவைக்க வேண்டும். படிகாரம் ஏற்றிய பருத்தியை இந்த வேரோடு கொதிக்க வைத்தால் கெட்டிச் சிவப்பு பிடிக்கும். துவைத்தாலும் லேசில் போகாது. சோழமண்டலக் கரைத் துணிகள் கடல் கடந்து பெயர் வாங்கியதில் இந்தச் சிவப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அந்தக் குத்தகைக்கு முன்பே, 1868-ல், ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் அதே சிவப்பைத் தரும் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். மலிவான ரசாயனச் சாயம் வந்து இறங்க, வேர் வியாபாரம் படுத்துவிட்டது.

அதன்பின் தீவு மீனவர்களுக்கே பயன்பட்டது. வலை உலர்த்தினார்கள், இளைப்பாறினார்கள். 1905-ல் நம்புதாளை சீனிக்குப்பன் படையாச்சி அங்கே அந்தோணியாருக்குக் கோயில் கட்டினார். இரு கரை மக்களும் திருவிழாவில் கூடினார்கள். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனது.

தீவு யாருடையது என்ற வாதம் வரும்போதெல்லாம் அந்தப் பழைய குத்தகைப் பத்திரத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். குத்தகைதாரர் பெயர் நமக்குத் தெரிகிறது. குடிக்கத் தண்ணீரும் கொண்டுபோய், வெயிலில் குனிந்து வேர் தோண்டியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாயவேர் தோண்டிய கதை சொல்லியிருந்தால் தயவுசெய்து எழுதி வையுங்கள். நான் அப்பத்தாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.