கழற்றிக் கட்டும் வீடு

ஜாவா மொழியில் வீட்டுக்கு ‘ஒமா’ என்று பெயர். அதே சொல்லை இரட்டித்து ‘ஒமா-ஒமா’ என்றால் கல்யாணம் பண்ணிக்கொண்டு குடித்தனம் நடத்துவது. குடும்பத்துக்கே பெயராகிப்போன இந்த வீட்டைப் பழைய ஜாவாக்காரர்கள் மண்ணோடு ஒட்டிய சொத்தாக நினைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நிலத்தை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கலாம். தூண் தூணாகக் கழற்றிக் கொண்டுபோய் வேறு ஊரில் நிறுத்தலாம். நம் ஊரில் அசையாச் சொத்து என்று பத்திரத்தில் எழுதுகிற ஒன்று, அங்கே அசையும் பொருள்.

அப்படி அசைய முடிந்ததற்குக் காரணம் அதன் கட்டுமானம். பெருவீடுகளின் வடிவமான ‘ஜோக்லோ’வில் நடுவே நான்கு தேக்குத் தூண்கள் நிற்கும். அவற்றுக்குச் ‘சோகோ குரு’ என்று பெயர். தூண்கள் மண்ணில் புதைந்திருக்காது. ‘உம்பாக்’ எனப்படும் கல் பீடத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். தூண்களின் தலையில் உத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கின்மேல் செங்குத்தான கூரையை ஏற்றுவார்கள். ஆணி கிடையாது; துளையும் குமிழுமாகப் பொருத்திய மரப்பூட்டுகள்தான். நிலம் அதிர்ந்தால் பூட்டுகள் சற்று இளகி, முறுகி, ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். உயர்ந்த கூரைக்குள் வெப்பக்காற்று மேலேறி ஓட்டு இடுக்குகள் வழியே வெளியேறும். தாழ்ந்த இறவாரம் வெயிலையும் சாரலையும் தடுக்கும். மின்விசிறி இல்லாத காலத்துக் கணக்கு இது.

முன்னால் சுவரில்லாத திறந்த கூடம் உண்டு. அதன் பெயர் ‘பெந்தோபோ’. ‘மண்டப’ என்ற வடசொல்லே இப்படித் திரிந்தது என்பார்கள். மண்டபம் என்று நாம் சொல்வதும் அதன் உடன்பிறப்புதான். வீட்டின் உள்ளே கடைசியில் மூன்று சிற்றறைகள். நடு அறையில் யாரும் வசிப்பதில்லை. அது நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீக்கு உரியது.

மரத்தின் பெயரிலும் ஒரு சுவை இருக்கிறது. தேக்கு என்ற தென்னிந்தியச் சொல் போர்ச்சுகீசியர் வாயில் விழுந்து ‘டீக்’ ஆகி உலகம் சுற்றியது. ஜாவாக்காரர்கள் அந்த மரத்தை ‘ஜாதி’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு ‘மெய்யானது’ என்றும் பொருள்.

ஆனால் ஜோக்லோ எல்லோருக்கும் வாய்த்ததில்லை. அது பிரபுக்களின் கூரை. சாதாரணக் குடியானவருக்கு எளிய ‘லிமாசான்’ அல்லது இரட்டைச் சரிவுள்ள ‘கம்போங்’ கூரைதான். பெரும்பான்மையோர் வீட்டில் தூணும் மூங்கில், சுவரும் மூங்கில். பிளந்து முடைந்த அந்த மூங்கில் தட்டிக்குக் ‘கெடெக்’ என்று பெயர். ஜாவாவின் வீட்டு விருப்பம் எப்படி மாறியது என்று எழுதுகிறவர்கள் பலரும் தேக்கு ஜோக்லோவையே பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். உண்மையான மாற்றம் தொடங்கியது மூங்கில் தட்டியில்.

அதைத் தொடங்கி வைத்தது ஓர் எலி. 1910-இல் விளைச்சல் பொய்த்ததால் பர்மாவிலிருந்து ஜாவாவுக்கு அரிசி இறக்குமதியானது. அரிசி மூட்டைகளோடு பிளேக் நோயும் வந்து இறங்கியது. 1911-இல் கிழக்கு ஜாவாவின் மாலாங் பகுதியில் சாவுகள் தொடங்கின. வீடுகளைப் பிரித்துப் பார்த்த டச்சு அதிகாரிகள், மூங்கில் கழிகளின் பொந்துக்குள்ளும் கூரை வேய்ந்த ஓலைக்கு அடியிலும் எலிகள் கூடு கட்டியிருப்பதைக் கண்டார்கள். நோய்க்குக் காரணம் வீடுதான் என்று முடிவாயிற்று. மூங்கிலுக்குப் பதில் மரம், ஓலைக்குப் பதில் ஓடு என்று அடுத்த முப்பது ஆண்டுகளில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் காலனி அரசு மாற்றிக் கட்டவைத்தது. செலவு பெரும்பாலும் குடியானவர் தலையில் கடனாக ஏறியது. இவ்வளவுக்குப் பிறகும் கொள்ளைநோயில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூங்கில் என்றால் அழுக்கு, நோய், வறுமை என்ற எண்ணத்துக்கு அன்றே அரசு முத்திரை விழுந்துவிட்டது. இன்று மூங்கிலைப் ‘பசுமைப் பொருள்’ என்று மேடையில் புகழ்கிறவர்கள், தாத்தா காலத்தில் அது குற்றவாளிக் கூண்டில் நின்றதை மறந்துவிடுகிறார்கள்.

செங்கல் சுவருக்கு இன்னொரு பக்கத்திலிருந்து மதிப்பு வந்தது. யோக்யகர்த்தாவின் தென்கிழக்கே, பழைய மத்தாராம் அரசின் முதல் தலைநகரான கோத்தகெடேயில் ‘கலாங்’ மக்களின் மாளிகைகள் உள்ளன. கலாங் மக்கள் காட்டில் மரம் வெட்டியும் தச்சு செய்தும் பெயர் பெற்றவர்கள். அவர்களில் சிலர் அடகுத் தொழிலில் பணம் சேர்த்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடு கட்டியபோது, முகப்பில் ஐரோப்பியத் தூணும் வண்ணக் கண்ணாடியும் வைத்தார்கள். மரத்தை நன்கறிந்த பரம்பரைக்கே செங்கல்லும் காரையும் அந்தஸ்து ஆகிவிட்டது.

பிறகு தேக்கு எட்டாக்கனியாயிற்று. நல்ல தேக்கு முதிர அறுபது, எண்பது ஆண்டு வேண்டும்; காடு அரசு நிறுவனத்தின் கையில். 1976-இல் செமாராங் நகரில் அரசு வங்கியொன்றின் முதல் வீட்டுக்கடன் வழங்கப்பட்டது. அதற்குப் பின் ஜாவாவின் நகர்ப்புற வீடு சதுர மீட்டரில் அளக்கப்பட்டது. ‘டைப் 21’, ‘டைப் 36’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. எண்தான் வீட்டின் பரப்பு. அந்த 36 சதுர மீட்டரில் பெந்தோபோவுக்கு ஏது இடம்? தேவி ஸ்ரீயின் அறை போய், கார் நிறுத்தும் இடம் வந்தது. மர உத்திரத்தின் இடத்தில் ‘பாஜா ரிங்கான்’ எனும் மெல்லிய எஃகுச் சட்டம், சுட்ட செங்கல்லுக்குப் பதிலாக ‘ஹெபெல்’ என்று கம்பெனிப் பெயராலேயே எல்லோரும் சொல்கிற இலேசான சிமென்ட் கட்டி. கரையான் அரிக்காது, விலை குறைவு, வேலை சட்டென்று முடியும். வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை.

2006 மே 27 அன்று விடிகாலை, ஆறு மணிக்குச் சில நிமிடம் முன்னால், யோக்யகர்த்தாவின் தெற்கே பந்துல் பகுதி நடுங்கியது. 6.3 அளவிலான நிலநடுக்கம். 5,700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் மிகப் பலரைக் கொன்றது கம்பி கட்டாத செங்கல் சுவர். நூறாண்டு வயதான ஜோக்லோக்களும் விழுந்தன. ஆனால் அவற்றில் பலவற்றின் பூட்டுகள் பராமரிப்பின்றி உளுத்திருந்தன. மரவீடு தானாகவே பூகம்பத்தைத் தாங்கிவிடும் என்று நம்புவதும் ஒரு மூடநம்பிக்கைதான். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் தாங்கும்.

கோத்தகெடேயில் இடிந்த வீட்டைத் தூக்கி நிறுத்தக் காசில்லாத குடும்பங்களைத் தேடி வியாபாரிகள் வந்தார்கள். பல ஜோக்லோக்கள் கழற்றப்பட்டு லாரி ஏறின. ஒன்றைக் கஜா மாடா பல்கலைக்கழகம் வாங்கிச் செப்பனிட்டு, ‘ஒமா யூஜிஎம்’ என்ற பெயரில் நிற்க வைத்திருக்கிறது. 2008-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் கோத்தகெடேயை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

வீடிழந்தவர்களுக்கு என்ன கட்டித் தருவது என்ற கேள்விக்கு வந்த விடைகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பிரம்பனான் அருகே நிலம் சரிந்துபோன ஒரு குக்கிராமத்துக்கு அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று உதவியது. பலூனை ஊதி, அதன்மேல் கம்பி பின்னி, கான்கிரீட் பூசி, ஏழு மீட்டர் விட்டமுள்ள குமிழ் வீடுகளை 2007-இல் கட்டித் தந்தது. ‘நியூ ங்கலெபென்’ என்ற அந்தக் குடியிருப்பை ஊரார், குழந்தைகளின் தொலைக்காட்சித் தொடரில் வரும் குமிழ் வீட்டை நினைத்து, ‘டெலிடப்பீஸ் வீடுகள்’ என்கிறார்கள். நிலநடுக்கத்துக்கு அசையாது, புயலுக்கும் அசையாது. ஆனால் வட்டச் சுவரில் அலமாரி ஒட்டி நிற்காது. விறகு அடுப்புக்கு இடமில்லை. விருந்தாளி வந்தால் உட்காரத் திண்ணை இல்லை. மக்கள் பின்னால் சமையற்கட்டையும் முன்னால் தாழ்வாரத்தையும் ஒட்டுப்போட்டுக் கொண்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க வருகிறார்கள்.

பந்துலின் ங்கிபிகான் கிராமத்தில் நடந்தது வேறு. கட்டடக் கலைஞர் எக்கோ பிரவோட்டோ புது வடிவம் எதையும் இறக்குமதி செய்யவில்லை. எல்லோருக்கும் தெரிந்த லிமாசான் சட்டத்தையே எடுத்துக்கொண்டார். தேக்குக்குப் பதில் ‘குளுகு’ எனப்படும் தென்னை மரம். இடிபாட்டிலிருந்து மீட்ட கதவு, ஜன்னல், ஓடு. கீழ்ப்பாதியில் மட்டும் செங்கல், மேலே பாரமற்ற தட்டி. ஊர்த் தச்சரும் கொத்தனாரும் முன்நின்றார்கள். ‘கோத்தோங் ரோயோங்’ என்ற கூட்டுழைப்பில் ஒரு வீட்டுக்காரர் அடுத்த வீட்டுச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தினார். சுமார் மூன்று மாதத்தில் 65 வீடுகள் எழுந்தன. 2010-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் இறுதிப் பட்டியலில் இந்தக் கிராமம் இடம்பெற்றது. ஓட்டை ஒடிசல் ஏற்பட்டால் சரிசெய்யத் தெரிந்தவர் அதே தெருவில் இருக்கிறார். குமிழ் வீட்டில் விரிசல் விட்டால் அந்தப் பலூனுக்கு எங்கே போவது?

எக்கோ பிரவோட்டோவின் ஆசான் மங்குன்விஜாயா. ‘ரோமோ மங்குன்’ என்று மக்கள் அழைத்த இவர் கத்தோலிக்கப் பாதிரியார், நாவலாசிரியர், கட்டடக் கலைஞர். 1980-களில் யோக்யகர்த்தாவின் சோடே ஆற்றங்கரைக் குடிசைகளை அரசு அப்புறப்படுத்த முனைந்தபோது, உண்ணாவிரதம் இருப்பேன் என்று எதிர்த்து நின்றார். குப்பை மேடாகக் கிடந்த கரையில் மூங்கிலும் மரமும் கொண்டு வீடுகள் எழுப்பி, மாணவர்களை வைத்து வண்ணம் தீட்டினார். பிளேக் காலத்தில் தண்டிக்கப்பட்ட அதே கெடெக் தட்டி, 1992-இல் ஆகா கான் விருது வாங்கியது.

மூங்கிலின் பலவீனம் பழைய தச்சர்களுக்குத் தெரியாததல்ல. தண்டில் மாவுச்சத்து குறைந்திருக்கும் பருவத்தில் வெட்டுவார்கள். ஆற்றிலோ சேற்றிலோ மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். மாவு போனால் வண்டு வராது. இப்போது போராக்ஸ் கரைசலில் சில நாள் ஊறவைத்தால் போதும். அதன்பின் ஈரம்படாமல் காத்தால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். மூன்று நான்கு ஆண்டில் முதிர்ந்துவிடும் இந்தப் புல்லின் முன் எண்பதாண்டுத் தேக்கு எப்படிப் போட்டியிடும்? ஆனாலும் கிராமத்தில் பிள்ளை மலேசியாவிலிருந்து பணம் அனுப்பினால் முதலில் எழுவது சிமென்ட் சுவர்தான்.

அந்தச் சிமென்ட்டுக்கும் ஒரு விலை இருக்கிறது. வட ஜாவாவின் கெண்டெங் சுண்ணாம்பு மலை, நிலத்தடி நீரைச் சேமித்து வயலுக்குத் தருவது. அங்கே சிமென்ட் ஆலை வருவதை எதிர்த்து 2016 ஏப்ரலில் ஒன்பது விவசாயப் பெண்கள் ஜகார்த்தாவில் அதிபர் மாளிகைக்கு எதிரே பாதங்களைச் சிமென்ட்டில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆலையின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே மாகாண அரசு புது அனுமதி கொடுத்தது.

இதற்கிடையில் பழைய மரவீட்டுக்கு மறுவாழ்வு வந்திருக்கிறது, வேறு ஆட்களிடம். பாலித் தீவின் உபூதில் ‘பம்பு இந்தா’ என்ற தங்கும் விடுதி, ஜாவாவிலிருந்து பெயர்த்து வந்த பழைய மரவீடுகளை வைத்தே தொடங்கப்பட்டது. யோக்யகர்த்தாவைச் சுற்றிக் காப்பிக் கடைகளும் உணவகங்களும் ஜோக்லோவுக்குள் நடக்கின்றன. மரம் வீணாகாமல் மறுபடி பயன்படுவது நல்லதுதான். ஆனால் ஏழைக் கிராமம் விற்று, பணக்கார விடுதி வாங்குகிற வழியில்தான் அது நடக்கிறது. விற்ற குடும்பம் அந்தக் காசில் ஹெபெல் வீடு கட்டிக்கொள்கிறது.

கழற்றும் வேலை மட்டும் இன்னும் பழைய முறையில்தான் நடக்கிறது. ஒவ்வொரு தூணும் உத்திரமும் எந்தத் திசை, எந்த மூலை என்று தச்சர் அடையாளம் இடுகிறார். கிழக்கே நின்ற தூண் புது இடத்திலும் கிழக்கே நிற்கவேண்டும். அதற்குப் பிறகுதான் லாரி புறப்படும்.