ஏ/எல்-லுக்குப் பின்னால் இருப்பது யார் பெயர்?



ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணச் சீட்டு எழுதும்போது, கவுண்டர்ல இருக்கிற தொண்டர்கள் நாங்க வருஷா வருஷம் பார்க்கிறது இது. ஐயர் மூணு தலைமுறைப் பெயர் கேட்பார். அப்பா பெயர் உடனே வரும். தாத்தா பெயருக்கு வீட்டுக்குப் போன் போகும். கொள்ளுத்தாத்தா பெயர் கேட்டா அமைதிதான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நம்ம பெயர் முறையே அப்படி. சீனர்களுக்குத் தான், லிம் என்று குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக வருது. நமக்கு அது கிடையாது. ஐசியில் உள்ள ஏ/எல் என்பது 'அனாக் லெலாக்கி', மகன். ஏ/பி என்றால் 'அனாக் பெரம்புவான்', மகள். அதற்குப் பின்னால் அப்பா பெயர் மட்டும்தான். அதனால் பேரன் ஐசியில் தாத்தா இருக்கவே மாட்டார்.

அப்போ பிள்ளை, முதலியார் எல்லாம்? 1873-இல் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமி பிள்ளையின் பெயரில் இருப்பது சாதிப் பட்டம், குடும்பப் பெயர் அல்ல. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு இந்தப் பட்டங்களை விடச் சொன்னது. விட்டது நல்லதுதான் என்பது எங்க எண்ணம்.

முன்னெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் சில நேரம் ஏமாத்தும். பிரிக்பீல்ட்ஸ்ல ஜாலான் துன் சம்பந்தன் வழியா எத்தனை தடவை போயிருப்போம்! துன் வீ. தி. சம்பந்தன் பெயரில் 'வீ' அப்பா வீராசாமி. 'தி' தாத்தா இல்லை, அவர் பெயரோட முன்பாதியே அதுதான்: திருஞானசம்பந்தன். தேவாரம் பாடிய ஞானக்குழந்தையின் பெயர் ரோட்டுப் பலகையில் பாதியா நிற்குது.

தோட்டத்துல நிலைமை இன்னும் மோசம். கிராணி காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். லட்சுமி 'லெட்சுமி' ஆனாங்க, சுப்பிரமணியம் வெறும் 'மணியம்' ஆனார். தமிழில் 'க' ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அதே கணேசன் ஒரு ஐசியில் 'கே', இன்னொன்றில் 'ஜி'. ஆவணத்தில் தேடும்போது ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். அதனால்தான் பெயரைத் தமிழ்ல எழுதிக் கொடுங்கன்னு கேட்கிறோம்.

இதில் குலதெய்வமும் இருக்கு. முனியாண்டி, கருப்பையா, அங்காளம்மா என்று பெயர் வச்சவங்க பெரும்பாலும் ஊர்ச் சாமியை நினைச்சுத்தான் வச்சாங்க. பூர்வீக ஊரே தெரியாத குடும்பங்களுக்கு, குலதெய்வத்தைத் தேட மிஞ்சியிருக்கிற நூல் சில சமயம் அந்தப் பெயர்தான்.

அப்பா ஐசியில் ஏ/எல்-லுக்குப் பின்னால் இருப்பவர் உங்க தாத்தா. தாத்தாவோட பழைய ஐசி, பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை எது கிடைத்தாலும் கொள்ளுத்தாத்தா அதில் இருப்பார். பாட்டி இருக்கிற வீடுன்னா இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு, தமிழில் எழுதிக்கிட்டு வாங்க. எழுத வராதவங்க சொன்னா போதும், கவுண்டர்ல நாங்க எழுதித் தர்றோம்.