படவிளக்கும் பேச்சாளரும்



கல்லூரிகளில் கருத்தரங்கு என்றால் இக்காலத்தில் கணினியும் திரையும் இன்றி நடைபெறுவது அரிதாகிவிட்டது. பேச எழுபவர் முதலில் திரையைப் பார்க்கிறார். பிறகுதான் நம்மைப் பார்க்கிறார். பவர்பாயிண்ட் போன்ற மென்பொருளில் பத்து, இருபது ஸ்லைடுகளைச் செய்துகொண்டு வருவது பள்ளி மாணவர்க்கும் வழக்கமாயிற்று. அவற்றைக் கேட்போர் மனங்கவரும் வண்ணம் செய்வது எவ்வாறு என்று என்னை வினவுவோர் உண்டு. எழுத்துக்கு எந்நிறம், பின்னணிக்கு எந்நிறம் என்பன போன்ற குறிப்புகளை அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அவற்றைக் கணினி ஆசிரியர் ஒரு பிற்பகலில் கற்பித்துவிடுவார். நான் பயிற்றியது வரலாறு. ஆகவே இக்கலை எங்கே பிறந்தது, எவ்வழி வளர்ந்தது, எவ்விடத்தில் தடம் மாறியது என்பதைச் சொல்ல விழைகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்னும் பேரறிஞர் வாழ்ந்தார். சனிக்கோளைச் சுற்றியிருப்பது ஒரு வளையம் என்று கண்டு கூறியவர் அவர். ஊசற் கடிகாரத்தை அமைத்தவரும் அவரே. 1659-ஆம் ஆண்டில் அவர் ஒரு புதுமை செய்தார். பெட்டிக்குள் விளக்கை வைத்து, கண்ணாடித் தகட்டில் தீட்டிய சிறு படத்தின் ஊடே அதன் ஒளியைச் செலுத்தி, வில்லையின் உதவியால் அப்படத்தைச் சுவரில் பெரிதாக விழச் செய்தார். வில்லை படத்தைத் தலைகீழாக்கும். ஆதலால் தகட்டையும் தலைகீழாகவே செருக வேண்டும். இதுவே மாய விளக்கு என்று பெயர் பெற்றது. அவ்விளக்குக்காக அவர் வரைந்த படங்கள் இன்றும் உள்ளன. எலும்புக்கூடு ஒன்று தன் தலையைத் தானே கழற்றி எடுக்கிறது! வானத்தை ஆராய்ந்த அறிஞர் தம் புதுக் கருவிக்குத் தேர்ந்த பொருள் இது. பின்னர் அவருக்கே இவ்விளக்கு நாணத்தைத் தந்தது. 1662-இல் அவர் தந்தையார் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அவையில் காட்ட ஒரு விளக்கு வேண்டும் என்றார். ஹைகன்ஸ் தந்தை சொல்லைத் தட்டவில்லை. ஆனால், வில்லைகளுள் ஒன்றை எடுத்துவிட்டு அது பயன்படாதபடி பார்த்துக்கொள்ளுமாறு தம்பிக்குத் தனியே கடிதம் எழுதினார்.

அவர் அஞ்சியது வீணன்று. நெடுங்காலம் அவ்விளக்கு வேடிக்கைக்கே பெரிதும் உரியதாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் ராபர்ட்சன் என்பவர், துறவியர் நீங்கிய பழைய மடமொன்றில், சக்கரம் பூட்டிய விளக்கை நகர்த்திப் பேயுருக்கள் மக்கள்மேல் பாய்ந்து வருவதுபோலக் காட்டிப் பொருளும் புகழும் ஈட்டினார்.

அறிவுக்கு அது பயன்படத் தொடங்கியதற்கு இரண்டு புதுமைகள் துணைசெய்தன. ஒன்று ஒளி. எரியும் வாயுக்களின் சுடரைச் சுண்ணாம்புக் கட்டியின்மேல் பாய்ச்சினால் அது கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி வீசும். அவ்வொளியால் பெரிய மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவரும் படத்தைத் தெளிவாகக் காண முடிந்தது. மற்றொன்று ஒளிப்படம். 1850-இல் பிலடெல்பியா நகரின் லாங்கென்ஹைம் உடன்பிறப்பினர் ஒளிப்படத்தைக் கண்ணாடித் தகட்டிலேயே பதிக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். அதன்பின் ஓவியன் கற்பனை செய்ததை மட்டுமன்றி, உலகில் உள்ளதை உள்ளவாறே திரையில் காட்டலாயிற்று.

இதன் வலிமையை உணர்ந்தவர்களுள் ஜேக்கப் ரீஸ் குறிப்பிடத்தக்கவர். டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க் நகரில் காவல்துறைச் செய்தியாளராக இருந்தவர். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இருட்டறைகளைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்காக எழுதினார், படித்தவர் மறந்தனர். மின்னற்பொடியைக் கொளுத்தி இரவில் ஒளிப்படம் எடுக்கும் முறை வந்ததும், அவ்வறைகளுக்குள் புகுந்து படம் எடுத்தார். 1888-இல் அவற்றை விளக்கின் மூலம் திரையில் காட்டிப் பேசலானார். செல்வர்கள் தம் நகரத்தின் மறுபாதியை அன்றுதான் கண்டனர். 1890-இல் அப்பேச்சு நூலாகவும் வந்தது. அவர் இடைவிடாது சுட்டிய மல்பெரி வளைவு என்னும் சேரிப்பகுதி இடிக்கப்பட்டு, 1897-இல் அங்கே பூங்கா திறக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இக்கலை சிறந்திருந்தது. மராட்டியப் பகுதியில் உள்ள கல்யாண் நகரில் மகாதேவ் பட்வர்தன் என்பவரும் அவர் மைந்தரும் 1892-இல் ‘சாம்பரிக் கரோலிகா’ என்ற பெயரில் விளக்குக் காட்சி தொடங்கினர். தாமே வண்ணம் தீட்டிய கண்ணாடித் தகடுகளைக் கொண்டு இதிகாச புராணக் கதைகளை நடத்திக் காட்டினர்.

இங்கே சற்று நின்று எண்ணுங்கள். ரீஸ் ஆகட்டும், பட்வர்தன் ஆகட்டும், திரையில் காட்டியவை படங்கள். கதையும் கருத்தும் வாழ்ந்தது பேச்சில். சொல்லால் காட்ட இயலாததைப் படம் காட்டிற்று. படத்தால் சொல்ல இயலாததை நா சொல்லிற்று. பேச்சாளர் வாய் மூடினால் திரை ஊமையாகிவிடும். திரையில் எழுத்து வருவது, எங்கள் இளமையில் திரைப்படக் கொட்டகைகளில் ஊர்க் கடைகளின் விளம்பர ஸ்லைடுகளில்தான். அவற்றை யாரும் சொற்பொழிவு என்று கருதியதில்லை!

பேச்சாளரின் சொற்கள் திரைக்கு ஏறியது வேறொரு கருவியால். மேசைமேல் வைத்த ஒளிபுகும் தாளில் பேனாவால் எழுதினால், எழுதுபவர் தலைக்கு மேலே திரையில் அது தோன்றும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினர்க்குப் பயிற்சி அளிக்க இக்கருவி பயன்பட்டது. பின்பு பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பரவியது. வகுப்புக்கு முதுகைக் காட்டாதே என்று ஆசிரியப் பயிற்சியில் ஓயாமல் சொல்லுவார்கள். கரும்பலகை அதற்கு இடங்கொடாது, இக்கருவி கொடுத்தது. அதை நான் குறைகூற மாட்டேன். ஆயினும், எழுதுவது எளிதாயிற்று. படம் வரைவது எளிதாகவில்லை. திரை மெல்ல மெல்ல எழுத்தால் நிறைந்தது.

கலிபோர்னியாவில் ‘போர்தாட்’ என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் கேஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின், தாமஸ் ரட்கின் ஆகியோர் இத்தாள்களைக் கணினியிலேயே செய்துகொள்ளும் மென்பொருளை ஆக்கினர். அதுவே பவர்பாயிண்ட், 1987-ஆம் ஆண்டு ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளிவந்தது. அம்முதற்பதிப்பு செய்தது கறுப்பு வெள்ளைப் பக்கங்களை அச்சிட்டுத் தருவதே. சில மாதங்களில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 1 கோடியே 40 இலட்சம் டாலர் தந்து போர்தாட்டை வாங்கிற்று. 1990-இல் விண்டோஸ் பதிப்பு வந்தது. 1992-இல் கணினியிலிருந்தே நேராகத் திரைக்குப் படத்தைச் செலுத்தும் வசதி சேர்ந்தது. அத்தோடு அச்சிட்ட தாளின் தேவை குறையலாயிற்று.

அம்மென்பொருளைத் திறந்தவுடன் அது தலைப்பைக் கேட்கும். அடுத்துப் புள்ளியிட்ட வரிகளைக் கேட்கும். புள்ளிக்குள் சிறு புள்ளியும் வைக்கலாம். வெற்றிடத்தைக் கண்டால் நிரப்பத் தோன்றுவது மாந்தர் இயல்பு. ‘ஆகையால்’, ‘ஆயினும்’, ‘ஒருவேளை’ என்னும் சொற்கள்தாம் கருத்தைக் கருத்தோடு பிணைப்பவை. துண்டு வரிகளில் முதலில் உதிர்வன அவையே.

இதனால் விளைந்த கேட்டுக்கு ஒரு துயரச் சான்று உண்டு. 2003-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கொலம்பியா விண்கலம் எழுவரோடு புறப்பட்டது. அவர்களுள் நம் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். எழும்பிய 82-ஆவது நொடியில் எரிபொருள் தொட்டியின் நுரைக்காப்பில் ஒரு துண்டு பெயர்ந்து இடச் சிறகில் மோதிற்று. கலம் விண்ணில் சுற்றிக்கொண்டிருக்க, தரையில் பொறியாளர்கள் இடரை ஆராய்ந்து மேலதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, முந்தைய சோதனைகளை நோக்க மதிப்பீடு பாதுகாப்பான பக்கமே நிற்கிறது என்னும் பொருள்படப் பெரிய எழுத்தில் இருந்தது. ஆனால் அடிவரியில், சிறிய எழுத்தில் கிடந்த செய்தி வேறு: சோதித்த துண்டின் பருமன் 3 கன அங்குலம், மோதிய துண்டின் பருமனாக மதிப்பிட்டது 1,920 கன அங்குலம். அறுநூற்று நாற்பது மடங்கு! அச்சோதனைகள் இந்நிகழ்ச்சிக்குப் பொருந்தவே மாட்டா என்பதன்றோ இதன் பொருள்? அது தலைப்பில் இருந்திருக்க வேண்டும். பிப்ரவரி 1-ஆம் நாள், தரையிறங்கச் சுமார் 16 நிமிடங்கள் இருக்கையில், கலம் டெக்சாஸ் வானில் சிதறிற்று. எழுவரும் மாண்டனர்.

அந்த ஒரு பக்கமே அவர்களைக் கொன்றது என்பது நேர்மையாகாது, காரணங்கள் பல. எனினும், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி அப்பக்கத்தை வரிவரியாக ஆராய்ந்து காட்டியதை விசாரணைக் குழு தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. முழுமையான தொழில்நுட்பக் கட்டுரைக்குப் பதிலாக ஸ்லைடுகளைக் கொண்டே வேலையை முடிக்கும் வழக்கத்தையும் அக்குழு 2003 ஆகஸ்டில் வெளிப்படையாகக் கண்டித்தது.

அடுத்த முறை நீங்கள் கணினிமுன் அமரும்பொழுது, முதலில் அதை மூடி வையுங்கள். சொல்லப் போவதை முழு வாக்கியங்களில், காகிதத்தில் எழுதுங்கள். எழுதியதில் சொல்லால் விளங்காதது எது என்று தேடுங்கள்: ஒரு நிலப்படம், ஒரு கல்வெட்டின் ஒளிப்படம், ஏறி இறங்கும் விலையைக் காட்டும் ஒரு கோடு. அதற்கு மட்டும் ஸ்லைடு செய்யுங்கள். ஒரு ஸ்லைடில் ஒரு படம் போதும். எழுத்து வேண்டுமாயின், கடைசி வரிசைப் பையன் கண்ணைச் சுருக்காமல் படிக்கும் அளவில் இருக்கட்டும். தலைப்பு முடிந்த முடிபைச் சொல்லட்டும். பறந்து வரும் எழுத்துகளும் சுழலும் படங்களும் ராபர்ட்சனின் பேய்களுக்கு உறவினர். அவற்றால் மகிழ்வோர் உண்டு. நான் அவர்களுள் ஒருவன் அல்லேன்.

மென்பொருளை ஆக்கிய கேஸ்கின்ஸ் இதைப் பற்றி என்ன கருதினார் என்றும் கேட்பீர்கள். 2007-இல், அது வெளிவந்த இருபதாம் ஆண்டில், ஒரு செய்தித்தாளுக்கு அவர் அளித்த பேட்டியில், ஸ்லைடு விரிந்த எழுத்துக்குச் சுருக்கமாக இருக்கவே எண்ணப்பட்டது என்றும், மக்கள் விரிந்ததை எழுதாமலே சுருக்கத்தை மட்டும் எழுதுகிறார்கள் என்றும் கூறினார். பவர்பாயிண்டைச் செய்வதற்காக அவர் முதலில் எழுதிய திட்டமோ நெருக்கமாக வாதிட்டு எழுதிய 53 பக்கங்கள் கொண்டது. அதனோடு இணைத்த ஸ்லைடுகள் ஏறத்தாழப் பன்னிரண்டு.