இளையரசனேந்தல் வட்டாரத்தின் ஆண்டுப் பிறப்புகள்

தை முதல் நாளைப் புத்தாண்டாக்கிய 2008ஆம் ஆண்டுச் சட்டமும் அதை நீக்கிய 2011ஆம் ஆண்டுச் சட்டமும் எழுப்பிய விவாதம், ஒரு நிலத்துக்கு ஓர் ஆண்டுப் பிறப்பு என்னும் எடுகோளிலேயே நின்றது. தெலுங்கு பேசும் கம்மவார் ஜமீனாக விளங்கிய இளையரசனேந்தலுக்கு அது பொருந்தாது. தெலுங்கு மரபினர்க்கு உகாதி. தமிழ்ப் பஞ்சாங்கத்துக்குச் சித்திரை முதல் நாள், அதையொட்டிக் கரிசல் உழவர் பொன்னேர் பூட்டுவர். நெல்லைச் சீமையின் கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்கும். வருவாய்த் துறையின் பசலியோ சூலை 1இல்.

இவற்றுள் ஆய்வாளரை இடறச் செய்வது உகாதியே. சந்திரமானக் கணக்கில் அமைவதால் அது சித்திரைப் பிறப்புக்கு முன்னரே, சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே, வந்துவிடும். அறுபதாண்டுப் பெயரோ இரு மரபிலும் ஒன்றே. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் குரோதி 2024 ஏப்ரல் 9 அன்று பிறந்தது. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் ஏப்ரல் 13 வரை சோபகிருது நீடித்தது. நாள் ஒன்று, பெயர் இரண்டு. ஆகவே, பங்குனியில் எழுதப்பட்ட ஆவணம் ஆண்டுப் பெயரை மட்டும் தருமாயின், எழுதியவர் எப்பஞ்சாங்கத்தைப் பின்பற்றினார் என்று அறியாமல் காலங்கணிப்பது ஓராண்டுப் பிழையில் முடியலாம். கொல்லமோ பசலியோ உடன் குறிக்கப்பட்டிருந்தால் அப்பிழையைத் தவிர்க்க இயலும்.