படிகத்தின் குறையில் பிறக்கும் அனல்: நெய்யாற்றின்கரைக் குவாரிகளின் வெடிமருந்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும் எல்லை ஊர்கள் இங்கிருந்து தொடங்குகின்றன. நெய்யாற்றின்கரை வட்டத்தில் வெள்ளறடை, பெருங்கடவிளைப் பகுதிக் குன்றுகள் சார்னோகைட், கொண்டலைட் என்னும் பழம்பாறைகளால் ஆனவை. அவற்றை உடைக்கும் குவாரிகளில் துளையிட்டு, தோட்டாவும் டெட்டனேட்டரும் இறக்கி, மேலே மண் திணித்து வெடி வைக்கிறார்கள். அதிர்ச்சி அலை பட்டதும் மருந்துக்குள் வெப்பம் எங்கே பிறக்கிறது? இக்கேள்விக்கு விடை தெளிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பொருளின் நுண்குறைகளே அந்தப் பிறப்பிடம் என்பதை இக்கட்டுரை வரலாற்று வழியில் காட்டுகிறது.

1. சராசரிக் கணக்கின் போதாமை

1867இல் ஆல்பிரட் நோபெல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1870இல் ராங்கினும், அடுத்த இருபதாண்டுக்குள் உகோனியோவும் அதிர்ச்சி அலைக்குரிய சமன்பாடுகளை வகுத்தனர். அழுத்தப்பட்ட பொருள் எவ்வளவு சூடாகும் என்பதை அவற்றைக்கொண்டு கணக்கிடலாம். ஆனால் அது பொருள் முழுமைக்குமான சராசரி. அந்தச் சராசரி, வெடிப்பைத் தொடங்கப் போதாத அளவில் இருந்தபோதும் திண்ம மருந்துகள் வெடித்தன. எனவே, வெப்பம் எங்கோ சில இடங்களில் குவிந்திருக்க வேண்டும்.

2. வெப்பப்புள்ளி

இரண்டாம் உலகப் போரின்போது மெல்போர்னில் பணியாற்றிய பௌடன், யோஃபி ஆகியோர் பின்னர் கேம்பிரிட்ஜில் இப்புதிரை அவிழ்த்தனர். நுண்ணிய காற்றுக்குமிழ் கலந்த நைட்ரோகிளிசரின் மிக மெல்லிய தட்டலிலேயே வெடித்தது. குமிழ் இல்லாதது பெரும் அடியையும் தாங்கியது. 1952இல் வெளிவந்த அவர்களது நூல், வெப்பப்புள்ளியின் அளவைத் தெளிவாக வரையறுத்தது: ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முதல் நூறில் ஒரு பங்கு வரை குறுக்களவு, வெப்பநிலை 430 டிகிரி செல்சியஸுக்கும் மேல்.

அத்தகைய ஒரு குமிழை அருகில் வைத்துப் பார்ப்போம். அலை வந்து மோதியதும் அதன் ஒரு சுவர் ஊசிபோல் நீண்டு எதிர்ச்சுவரைக் குத்துகிறது. உள்ளிருந்த வாயு வெளியேற வழியின்றி நசுங்கிச் சூடேறுகிறது. அத்தனையும் கண் இமைப்பதற்கு வெகுமுன்பே முடிந்துவிடுகிறது.

3. வரிசை பிறழ்ந்த இடம்

குமிழே இல்லாத படிகத்திலும் குறை உண்டு. 1934இல் டெய்லர், ஒரோவன், போலனி மூவரும் தனித்தனியே அணுவரிசைப் பிறழ்வு என்னும் கருத்தை முன்வைத்தனர். உலோகத்தை உருக்குலைக்கச் செலவிடும் உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகிறது என்று டெய்லரும் குவின்னியும் அளந்து காட்டியதும் அதே ஆண்டில்தான். வெடிமருந்துப் படிகத்திலும், தடையில் திரண்டு நிற்கும் பிறழ்வுகள் ஒருசேர உடைத்துக்கொண்டு பாயும்போது அந்த வெப்பம் ஒரு புள்ளியில் கொட்டுகிறது என்று ஆம்ஸ்ட்ராங், காஃபி முதலியோர் விளக்கினர்.

1984இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜெரி டிக் செய்த சோதனை இதற்கு வலுச் சேர்த்தது. டெட்டனேட்டரின் அடிமருந்தாகப் பரவலாகப் பயன்படும் பி.இ.டி.என். படிகம், அலை ஒரு திசையில் வந்தால் எளிதில் வெடித்தது. வேறொரு திசையில் பன்மடங்கு அழுத்தத்தையும் தாங்கியது. மூலக்கூறு அடுக்குகள் தடையின்றி வழுக்கும் திசையில் அது அடங்கி நிற்கிறது. ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் திசையில் சீறுகிறது.

4. குறையே கருவி

1969இல் புளூம் காப்புரிமை பெற்ற பால்மக் கலவை வெடிமருந்து படிகமன்று. ஆயினும் அதே விதியே அதை ஆள்கிறது. நுண்கண்ணாடிக் குமிழ்களோ வாயுக் குமிழ்களோ அதில் வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றன. இந்தியாவில் நைட்ரோகிளிசரின் வெடிமருந்துகள் 2004 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்ட பின் குவாரிகளில் இவ்வகைத் தோட்டாக்களே பெருகின.

இங்குதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பக்கத்துத் துளை முந்தி வெடித்தால் அந்த அழுத்தத்தில் இந்தத் தோட்டாவின் குமிழ்கள் நசுங்கிவிடலாம். வெப்பம் பிறக்க இடமில்லாமல் மருந்து வெடிக்காது போகும். அது டெட்டனேட்டரோடு இடிபாட்டுக்குள் கிடந்து, அடுத்த நாள் துளையிட வருபவருக்குக் காத்திருக்கும்.

முடிவுரை

எதிர்பாராத வெடிப்புக்கும் வெடிக்காமல் போவதற்கும் காரணம் ஒன்றே: கண்ணுக்குத் தெரியாத குறையின் இருப்பும் இன்மையும். ஆய்வகம் கண்ட இவ்வுண்மை குவாரித் தொழிலாளியின் கைக்கு எட்ட வேண்டும். எல்லைக் குவாரிகளில் வெடி வைப்போருக்கான பயிற்சியில் இப்பாடம் தமிழிலும் மலையாளத்திலும் இடம்பெறுவது அவசியம்.