சொல் நீங்கிய கவிதை: செலோவும் நமது விருத்தமும்

செலோ வயலின் குடும்பத்து வாத்தியம். கதிரையில் இருந்து, அதை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி, வில்லால் வாசிப்பார்கள். நான்கு தந்திகள்; ஒலி ஆண்குரலுக்கு மிக நெருக்கமானது. வீணைக்கு உள்ளதுபோல மெட்டுக்கள் இல்லாததால் விரல் தந்தியில் வழுக்கிச் செல்லும், கமகத்துக்கும் இடமுண்டு.

கவிதையொன்றை மனதில் வைத்து, எழுதிய சுரம் எதுவுமின்றி, தனியொருவராக அந்நேரமே இசை கட்டும் செலோக் கலைஞர்கள் மேற்கில் இருக்கிறார்கள். இந்த முறை நமக்கு அந்நியமல்ல. விருத்தத்தில் பாடகர் செய்யுளைத் தாளமின்றி ராகத்தில் விரித்துப் பாடுகிறார். சொல்லின் குறில் நெடில், அடி முடியும் இடம், பொருளின் உணர்வு ஆகியவையே வழிகாட்டி. ஓர் அடி முடிந்ததும் வயலின் அதைச் சொல்லின்றித் தொடர்கிறது. நமது நாட்டுக்கூத்திலும் விருத்தம் உண்டு.

செலோவை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர்களும் உள்ளனர். அமெரிக்கரான நான்சி லெஷ், ருத்ரவீணைக் கலைஞர் சியா மொகியுதீன் டாகரிடம் துருபத் பயின்று, தாளமற்ற ஆலாபனையைச் செலோவில் வாசித்தார். இலங்கைப் பெற்றோருக்கு 1939இல் இங்கிலாந்தில் பிறந்த றொஹான் டி சேரம் கண்டிய மேளமும் கற்றவர். இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ 2002இல் அவருக்காக எழுதிய தனிச் செலோப் படைப்பில், வாத்தியத்தின் உடலைத் தட்டி அந்த மேளத்தின் தாளம் எழுப்பப்படுகிறது. 'ஏ.எம்.எம்.' என்ற குழுவுடன் அவர் முன்னேற்பாடற்ற இசையும் வாசித்தார். 2024இல் காலமானார்.

சொல்லில்லா இசையின் பெறுமதி கோப்பாயில் இருப்பவர்களுக்குத் தெரியும். இங்கிருந்த மாவீரர் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு, அந்தக் காணியில் 2011இல் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. கார்த்திகை 27இல் உறவுகள் வெளியே நின்று விளக்கேற்றினர். நினைவேந்தல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்களும் உண்டு. இத்தகைய சூழலில், தெரிந்த பாடலின் மெட்டை ஒரு வாத்தியம் மட்டும் வாசித்தாலும் சொற்கள் கேட்பவர் மனதில் தாமாக எழும்.

ஆனால் அந்தச் சொற்களை முன்பே அறிந்தவருக்குத்தான் அது நடக்கும். அறியாத பிள்ளைக்கு அது வெறும் மெட்டு. செலோவோ வயலினோ நாதஸ்வரமோ, எந்த வாத்தியமும் கவிதையைத் தனியே காப்பாற்றாது. பிள்ளைகளுக்கு வாத்தியம் பழக்கும்போது அந்தப் பாட்டின் வரிகளையும் பொருளையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.